வேதமும் பண்ணும்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்த் தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சென்றால் இரண்டு வகைப் பாடல்களைக் கேட்கலாம். ஒன்று ஞானப்பாட்டு. சொல் தமிழாக இருக்கும். மெட்டு ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்ததாக இருக்கும். இன்னொன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் ராக தாளத்தோடு பாடப்படுவது. ஒரே கூட்டத்தார் ஒரே காலைப்பொழுதில் இரண்டையும் பாடுகிறார்கள்.

இந்த இரண்டு இசை மரபுகளையும் முறையாகக் கற்று, வேதாகமக் கருத்துகளைத் தமிழ் இசையில் பாடி, அந்த இசையின் இலக்கணத்தைத் தேடிச் சிலப்பதிகாரம் வரை சென்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த மருத்துவர், ஆசிரியர், அச்சக உரிமையாளர், வேளாண்மையில் ஆர்வலர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. ஆனால் இன்று அவர் பெயர் நிற்பது இசையில்தான். தேவாரப் பண்களைப் பற்றியோ தமிழிசையின் பழமையைப் பற்றியோ இன்று பேசும் எவரும் இந்தக் கிறிஸ்தவப் பெரியவரைக் கடந்து செல்ல முடியாது.

பிறப்பும் இளமையும்

ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்டு 2-ஆம் நாள் அன்றைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் வேரூன்றியிருந்த வட்டாரம் அது. ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்ற அவர், அங்கே சடையாண்டி பத்தர் என்பவரிடம் இசை கற்றார். வயலின் வாசிக்கவும் பழகினார். புகைப்படக் கலை, அச்சுத் தொழில் ஆகியவற்றிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது.

மருத்துவத்தில் கொண்ட நாட்டம் அவரைச் சுருளிமலைக்கு அழைத்துச் சென்றது. அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். அந்தக் குருவின் நினைவு அவர் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. பிற்காலத்தில் தஞ்சையில் தொடங்கிய மருத்துவ நிலையத்துக்குக் கருணாநிதி வைத்தியசாலை என்றும், தம் வாழ்நாள் உழைப்பான இசை நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயர் வைத்தார். இயேசுவைப் பாடிய ஒருவர் தம் நூலுக்கு மலையில் வாழ்ந்த சித்தரின் பெயரைச் சூட்டியதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

1880-களில் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சாவூருக்கு வந்தார். இருவரும் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பணியாற்றினர். பிறகு வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். அவர் தயாரித்த மருந்துகளுக்கு நல்ல பெயர் கிடைத்தது, வருமானமும் பெருகியது. நகருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்து, கரும்பு முதலிய பயிர்களில் சோதனை செய்தார். அது பண்டிதர் தோட்டம் என்றே அழைக்கப்பட்டது. 1909-இல் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைத்தது. பின்னாளில் அவர் நடத்திய இசை மாநாடுகளுக்கும் அச்சிட்ட பெரிய நூலுக்கும் ஆன செலவை, எந்த அரசரையும் ஜமீனையும் நாடாமல், இந்த மருத்துவ வருமானத்திலிருந்தே செய்தார்.

தஞ்சைக்கு இருந்த முன் வரலாறு

கிழக்கும் மேற்கும் இசையில் கலந்த இடம் என்று சொல்லத் தஞ்சையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறு இல்லை. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு இசைக்கருவிகள் முழங்கின. ஐரோப்பிய வயலின் கர்நாடக இசைக்குள் நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலும் அதற்கு வழிவகுத்தவர்கள். முத்துசாமி தீட்சிதர் மேல்நாட்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவை இன்றும் நோட்டுஸ்வரம் என்ற பெயரில் பாடப்படுகின்றன.

கிறிஸ்தவப் பாடலுக்கும் தஞ்சையே தாய்வீடு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் மிஷனரிகளும் ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கி, அதே மெட்டில் சபையாரைப் பாட வைத்தார்கள். பக்தி இருந்தது, ஆனால் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். ஐரோப்பிய மெட்டோ அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்தால் அதை இழுத்துப் பாட வேண்டும். நெடில் விழும் இடத்தில் மெட்டு ஓடினால் அதைக் குறுக்க வேண்டும். பாடுகிறவர் நாவில் சொல் தடுக்கியது.

இதற்கு விடை தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கல்வி கற்றவர். சரபோஜி மன்னருக்கு நண்பர். குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை என்று தமிழர் ஏற்கெனவே அறிந்திருந்த வடிவங்களில் வேதாகமக் கதைகளைப் பாடினார். அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி புகழ்பெற்றது. ஆலய வழிபாட்டில் இப்படிப்பட்ட பாடல்களுக்கு இடம் உண்டா என்பதில் பின்னர் வந்த மிஷனரிகள் சிலருடன் அவருக்குக் கடும் பிணக்கு ஏற்பட்டது. ஆயினும் மக்கள் அவருடைய பாடல்களை விடவில்லை. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, கீர்த்தனை சபைகளில் அதிகாரபூர்வமாக நிலைபெற்றது.

ஆபிரகாம் பண்டிதர் தஞ்சைக்கு வந்தபோது வேதநாயக சாஸ்திரியார் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பண்டிதர் தொடர்ந்தது அவர் போட்ட பாதையில்தான்.

கீர்த்தனையில் வேதாகமம் எப்படி அமர்கிறது

கீர்த்தனையின் அமைப்பு வேதக் கதைக்கு மிகவும் ஏற்றது. பல்லவி ஒரே ஒரு வேண்டுதலையோ வியப்பையோ சொல்லும். அனுபல்லவி அதை விரிக்கும். சரணங்கள் கதையைப் படிப்படியாக நடத்திச் செல்லும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாடுகிறவர் பல்லவிக்குத் திரும்புவார். கெத்செமனே தோட்டத்து வேதனையைப் பாடினாலும், பேதுரு மறுதலித்ததைப் பாடினாலும், வீடு திரும்பிய இளைய குமாரனைப் பாடினாலும், கதையின் ஒவ்வொரு படியிலும் கேட்பவர் மனம் அதே வேண்டுதலுக்கு மீண்டு வருகிறது. ஐரோப்பியப் பாடல் எல்லா அடிகளையும் ஒரே மெட்டில் ஒரே எடையில் நடத்தும். கீர்த்தனையில் பல்லவி வரும் ஒவ்வொரு முறையும் சங்கதி மாறலாம், பொருள் ஆழமாகலாம்.

ராகத்துக்கும் இதில் பங்குண்டு. துயரத்துக்கு முகாரி என்பது பாமரரும் அறிந்தது. சிலுவைப்பாட்டைக் கேட்கும் தமிழர், சொல் புரிவதற்கு முன்பே ராகத்தைக் கொண்டு அது எந்த நேரத்துப் பாட்டு என்று உணர்ந்துவிடுகிறார்.

பண்டிதர் இந்த மரபில் தாமும் பாடல்கள் இயற்றினார். அவருடைய 96 பாடல்கள் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907-இல் வெளிவந்தன. இசை கற்கத் தொடங்குவோருக்குப் பாடநூலாகவும் பயன்படும் நோக்கம் அதற்கு இருந்தது. பக்திப் பாடல் கேள்வி ஞானத்தோடு நின்றுவிடக் கூடாது, முறையாகக் கற்கப்பட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அவர் ஐரோப்பிய இசையையும் அதை எழுதும் முறையையும் பயின்றவர். ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேல்நாட்டு முறையில் நம் இசையை எழுதும் முயற்சி அக்காலத்தில் சென்னையிலும் நடந்தது. சின்னசாமி முதலியார் 1890-களில் அப்படி ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டிருந்தார். பண்டிதருக்கு மேல்நாட்டு இசை பகையும் அல்ல, பின்பற்ற வேண்டிய எசமானும் அல்ல. எழுதி வைக்கவும், அளந்து பார்க்கவும் உதவும் கருவி அது. பாட்டின் உயிர் ராகத்தில் இருந்தது.

பாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு

பாட்டு எழுதியவர் ஆராய்ச்சியில் இறங்கக் காரணம் எளிய ஒரு கேள்வி: நாம் பாடும் இந்த இசையில் ஒரு ஸ்தாயிக்கு எத்தனை சுருதிகள்?

சங்கீத நூல்கள் 22 என்றன. 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் அதற்கு முக்கிய ஆதாரம். ஆனால் அந்த 22 சுருதிகளையும் கணக்கிட்டுக் காட்ட வந்த ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவைச் சொன்னார்கள். வீணையில் மெட்டு கட்டும் கைவினைஞரோ 12 சுரத்தானங்களுக்கு மெட்டு வைத்தார். வித்துவான்களும் அதிலேயே எல்லா ராகத்தையும் வாசித்தார்கள். நூல் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்தது. இந்த இடைவெளி பண்டிதரை உறுத்தியது.

அவருக்கு விடை கிடைத்தது சமஸ்கிருத நூல்களில் அல்ல, சிலப்பதிகாரத்தில். உ.வே. சாமிநாதையர் 1892-இல் அந்தக் காப்பியத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்திருந்தார். அதற்கு முன் பலர் கண்ணில் படாதிருந்த இசைக் குறிப்புகள் அச்சில் கிடைத்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு தமிழ்ச் சுரங்களை, பன்னிரண்டு இராசி வீடுகள் கொண்ட வட்டத்தில் அமைத்துக் காட்டும் முறை அதில் இருந்தது. ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்ற நான்கு பாலைகளும் பேசப்பட்டன.

பண்டிதர் இவற்றை இப்படி விளக்கினார். ஆயப்பாலையில் ஸ்தாயி 12 சம பங்காகிறது. வட்டப்பாலையில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து 24 ஆகிறது. திரிகோணப்பாலையில் 48. சதுரப்பாலையில் 96. சரி, 22 எங்கிருந்து வந்தது? யாழில் பண் வாசிக்கும்போது விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்து வாசிக்கும் வழக்கத்தால் 24-இல் இரண்டு குறைந்தது. அதைத்தான் பின்வந்தவர்கள் ஸ்தாயியின் மொத்தக் கணக்கு என்று தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்றார்.

கணக்கில் உள்ள சிக்கல்

இங்கேதான் கிழக்கும் மேற்கும் ஒரே கேள்வியில் சந்திக்கின்றன. சட்சமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போனால் அதிர்வு ஒன்றரை மடங்காகிறது. அந்தப் பஞ்சமத்தையே சட்சமமாக வைத்து அதன் பஞ்சமத்துக்குப் போக வேண்டும். இப்படி 12 முறை நகர்ந்தால் 12 சுரத்தானங்களையும் தொட்டுவிட்டுத் தொடங்கிய சட்சமத்துக்கே, ஏழு ஸ்தாயி மேலே, வந்து சேர வேண்டும். ஆனால் கணக்கு சரியாக மூடுவதில்லை. ஒன்றரையை 12 முறை பெருக்கினால் ஏறக்குறைய 129.75 வருகிறது. ஏழு ஸ்தாயி மேலே உள்ள சட்சமமோ 128 மடங்கு. சிறிய மிச்சம் ஒன்று தொங்குகிறது.

ஐரோப்பியர்கள் பியானோவுக்குச் சுருதி கூட்டும்போது இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு இடங்களுக்கும் சமமாகப் பங்கிட்டு, ஸ்தாயியை 12 சம பாகமாக்கிக்கொண்டார்கள். பண்டிதர் வட்டப்பாலையின் வட்டம் மூட வேண்டுமானால் அதன் பாகங்கள் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஐரோப்பியர் தங்கள் தேவைக்காக வந்தடைந்த முறை தமிழரிடம் முன்பே இருந்தது என்பது அவர் முடிவு. இதை நிறுவப் பக்கம் பக்கமாக அதிர்வு எண்களையும் தந்தி நீளங்களையும் கணக்கிட்டு அட்டவணைகள் போட்டார்.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. தம்பூராவை மீட்டினால் தானாக எழும் அந்தர காந்தாரம், சம பங்கீட்டுக் காந்தாரத்தைவிட அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்ந்து ஒலிக்கும். பயின்ற காதுக்கு அந்த வேறுபாடு தெரியும். கமகம் அசைந்து வரும்போது சுரம் ஒரே புள்ளியில் நிற்பதும் இல்லை. எனவே சமமான அளவில் நம் இசையை அடக்க முடியாது என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மாநாடுகள்

வாதத்தைத் தனியறையில் வைத்துக்கொள்ளாமல் வித்துவான்கள் முன் கொண்டுவந்தார் பண்டிதர். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தம் சொந்தச் செலவில் மாநாடுகளைக் கூட்டினார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சாஸ்திரம் அறிந்தவர்களும் அழைக்கப்பட்டனர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்றோர் அவற்றில் கலந்துகொண்டார்கள். தியாகராஜரின் மண்ணில், சங்கீதம் ஒரு சில குலத்தாரின் சொத்து என்று எண்ணப்பட்ட காலத்தில், தெற்கேயிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ மருத்துவர் வித்துவான்களைத் தம் இடத்துக்கு அழைத்துச் சாஸ்திரத்தின் அடிப்படையையே கேள்வி கேட்டார் என்பது சிறிய செய்தி அல்ல.

1916-இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. வட இந்திய இசை அறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்திய அந்த மாநாட்டுக்குப் பண்டிதர் சென்று, சுருதிகளைப் பற்றிய தம் கருத்தை விளக்கினார். அவருடைய மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் அதைச் செய்து காட்டினார்கள். பெண்கள் பொது மேடையில் இசைக்கவே தயங்கிய காலம் அது.

கருணாமிர்த சாகரம்

எல்லா உழைப்பும் திரண்டு 1917-இல் கருணாமிர்த சாகரம் முதல் புத்தகமாக வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இவ்வளவு கணக்கும் அட்டவணையும் கொண்ட நூலை வேறிடத்தில் அச்சிடுவது கடினம். பண்டிதர் தமக்குச் சொந்தமான லாலி அச்சகத்திலேயே அச்சிட்டார். தமிழ்ச் சங்கங்களின் வரலாறு, பிற ஆசிரியர்களின் சுருதிக் கணக்குகள், தமிழ் நூல்கள் சொல்லும் முறை, யாழ் என்று நூல் விரிகிறது.

வேதாகமம் இதிலும் உண்டு. தமிழ் நூல்கள் கூறும் கடல்கோள்களைப் பற்றி எழுதும்போது நோவா காலத்து ஜலப்பிரளயத்தையும் அவர் கொண்டுவருகிறார். கடலில் மூழ்கிய லெமூரியா கண்டமே தமிழரின் தொட்டில் என்று அக்காலத்தில் பலர் நம்பியதை அவரும் நம்பினார். நிலவியலும் வரலாறும் வளர்ந்த பிறகு அந்தப் பகுதி நிற்கவில்லை. ஆனால் சிலப்பதிகார உரையிலிருந்து பண்ணின் அமைப்பை மீட்டெடுக்கலாம் என்று அவர் காட்டிய வழி நின்றது.

பண்டிதர் 1919 ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் 60-ஆவது வயதில் காலமானார். ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் முயற்சியால் 1946-இல் வெளிவந்தது.

பின்னால் வந்தவர்கள்

1940-களில் தமிழ்நாட்டில் தமிழிசை இயக்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட அந்த இயக்கத்துக்கு, தமிழுக்கென்று தனி இசை இலக்கணம் உண்டு என்ற வாதத்தைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தவர் பண்டிதர். இலங்கையின் விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார். அடிகளின் முடிவுகள் பல இடங்களில் பண்டிதரிடமிருந்து வேறுபட்டவை. பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் பாணர் கைவழி என்ற நூலில் மறுப்பும் எழுதினார். ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் ஓர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியும் சிலப்பதிகாரத்து யாழைப் பற்றி வாதாடியதில்தான் இன்றைய தமிழிசை ஆய்வு வளர்ந்தது.

நமக்கு என்ன

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் குடியேறிய தமிழர்கள் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோவிலில் தேவாரம் கற்கும் பிள்ளை இது காந்தாரம், இது கொல்லி என்று பண்ணின் பெயரைச் சொல்லக் கற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன் ஆலயத்திலோ சிங்கப்பூர் ஷார்ட் ஸ்திரீட் மெதடிஸ்ட் ஆலயத்திலோ தமிழ் ஆராதனைக்கு வரும் பிள்ளை கீர்த்தனை பாடக் கற்கிறது. இருவரும் வேறு வேறு வழிபாட்டுக்காரர்கள். பாடுவது ஒரே இசைக் குடும்பத்தின் பாட்டு.

இன்று தேவாலயங்களில் கீபோர்டும் கிட்டாரும் வந்துவிட்டன. இளையோருக்கு அதில் வரும் துரிதமான பாடல்களே பிடிக்கின்றன. கீர்த்தனைப் புத்தகத்தின் பாதிப் பாடல்களுக்கு மெட்டு தெரிந்தவர்கள் பல சபைகளில் முதியோர் மட்டுமே. புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர் குறைந்துவிட்டார்.

பண்டிதரின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அவர் மேல்நாட்டு இசையை ஒதுக்கச் சொல்லவில்லை. தாமே அதைக் கற்றார். பழைய பாட்டை அப்படியே காப்பாற்றினால் போதும் என்றும் இருந்துவிடவில்லை. புதிதாக 96 பாடல்கள் எழுதினார், அவற்றைக் கற்பிக்கும் முறையையும் அச்சிட்டுக் கொடுத்தார். முதியோருக்குத் தெரிந்த மெட்டை இன்றே பதிவு செய்து, சுரப்படுத்தி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் போதும். கருவி கீபோர்டாகவே இருக்கட்டும். சங்கராபரணத்துக்கும் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலுக்கும் சுரத்தானங்கள் ஒன்றே என்று பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தால், இரண்டு மரபும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகும்.